புளியங்குடி எலுமிச்சை

புளியங்குடி எலுமிச்சை, தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், புளியங்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விளையும் பழம். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் உள்ள புளியங்குடிக்கு ‘எலுமிச்சை நகரம்’ என்ற பெயரும் உண்டு.

இதன் தாவரவியல் பெயர் சிட்ரஸ் ஆரண்டிஃபோலியா. 1777இல் கிறிஸ்ட்மான் இதை லிமோனியா பேரினத்தில் சேர்த்தார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஸ்விங்கிள் 1913இல் சிட்ரஸுக்கு மாற்றினார். அப்பேரினத்தில் 16 இனங்களே உள்ளன என்பது அவர் முடிவு. ஜப்பானியரான தனாகாவோ 150க்கும் மேற்பட்ட இனங்களைப் பிரித்துக் காட்டினார். எண்ணிக்கை எதுவானாலும், எலுமிச்சையின் பிறப்பை மரபணு ஆய்வு தெளிவாக்கிவிட்டது. எலுமிச்சை ஒரு கலப்பினம்: தாய், பிலிப்பைன்ஸ் பகுதியின் சிட்ரஸ் மைக்ராந்தா, தந்தை, தடித்த தோலுடைய சிட்ரஸ் மெடிக்கா. மேலைநாட்டு ‘லெமன்’ பழத்துக்கும் தந்தை இதுவே, தாய் மட்டும் வேறு. ஆகவே இரண்டையும் ஒரே பழமாகக் கொள்வது தவறு.

எலுமிச்சை விதை ஒன்றில் பல கருக்கள் உண்டாகும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே தோன்றுவதால், விதைபோட்டு வளர்த்த கன்றும் தாயைப் போலவே காய்க்கும். நல்ல மரம் பார்த்து விதை எடுத்த விவசாயிகளால்தான் மெல்லிய தோலும் மிகுந்த சாறும் கொண்ட கடையம் வகை இப்பகுதியில் நிலைத்தது. நீர் தேங்காத செம்மண்ணில், ஐந்து ஆறு மீட்டர் இடைவெளியில் கன்று நடுகிறார்கள். மூன்றாம் ஆண்டு முதல் காய்க்கும். இளந்தளிரை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும். பாக்டீரியாவால் வரும் சொறிநோய் பழத்தோலைப் புள்ளியாக்கி விலையைக் கெடுக்கும். வன்னிக்கோனேந்தலில் எலுமிச்சைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

வட்டாரச் சமையலில் இதற்கு உரிய இடம் பெரிது. பழத்தை நான்காகக் கீறிக் கல்லுப்பு அடைத்து, ஜாடியில் ஊறவிட்டு, வெயிலில் வைத்து எடுத்த ஊறுகாய் மாதக்கணக்கில் கெடாது. உப்பும் புளிப்பும் சேர்ந்து நுண்ணுயிர்களை அண்டவிடுவதில்லை. பழைய சோற்றுக்கு இதைவிட ஏற்ற துணை கிடையாது. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் பரிமாறும் சொதிக்குத் தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் அடிப்படை. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே அதில் எலுமிச்சைச் சாறு பிழிவார்கள், கொதித்தால் கசந்துவிடும். கோடையில் நன்னாரி சர்பத்துக்கும் இப்பழமே வேண்டும். துர்க்கைக்கு ராகுகால விளக்கு ஏற்றுவது பிழிந்த பழத்தோலில்தான். ஆடியில் அம்மன் கோயில் மாலைகளுக்கென்றும் மூட்டை மூட்டையாகப் பழம் போகிறது.

புளியங்குடிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு நிறையப் பழம் செல்கிறது. கோடையில் விலை ஏறும். மழைக்காலத்தில் பறிகூலிக்கே கட்டாத நாட்களும் உண்டு. 2025இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை சரியும் மாதங்களில் பழத்தைச் சாறாகவும் ஊறுகாயாகவும் மாற்றும் ஆலைகள் ஊருக்குள்ளேயே பெருகினால்தான் அந்தக் குறியீட்டின் பலன் தோட்டக்காரர் கைக்கு வரும்.