எதிரொளிப்பு மாதிரிகள் (கணினி வரைகலை)

கணினியில் வரையும் பொருளின் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு வெளிச்சம் தருவது என்று கணக்கிடும் முறைகளே எதிரொளிப்பு மாதிரிகள். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியில் உச்சி வெயில் மஞ்சள் சுண்ணாம்புச் சுவரில் பட்டால் நாலாபுறமும் சிதறுகிறது. பக்கத்தில் நிற்கும் காரின் பானெட்டில் பட்டால் கண்ணைக் கூச வைக்கிறது. இந்த வேறுபாட்டை எண்ணாக்குவதுதான் சிக்கல்.

கணக்கு கணினிக்கு முந்தியது. ஒளியை அளக்கும் கலையை 1729இல் பிரெஞ்சுக்காரர் பியேர் பூகே தொடங்கிவைத்தார். பளபளப்பற்ற பரப்பின் வெளிச்சம் படுகோணத்தின் கொசைனைப் பொறுத்தது, எங்கிருந்து பார்த்தாலும் மாறாது என்ற விதி 1760இல் லாம்பெர்ட் எழுதிய ‘ஃபோட்டோமெட்ரியா’ வழியே வந்தது.

இதைத் திரைக்குக் கொண்டுவந்ததில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆன்றி கூரோ 1971இல் பலகோணங்களின் முனைகளில் மட்டும் ஒளியைக் கணக்கிட்டு, நடுவே நிரவிவிட்டார். பளபளப்பு அதில் தவறிப்போனது. அதைப் பிடித்தவர் புய் துவாங் போங். 1942இல் ஹனோயில் பிறந்து சைகோனில் படித்தவர். சூழல் ஒளி, சிதறும் ஒளி, பளபளப்பு மூன்றையும் கூட்டும் அவருடைய மாதிரி 1973ஆம் ஆண்டு ஆய்வேட்டில் வந்தது. 1975இல் கட்டுரையாக வெளியான அதே ஆண்டு அவர் இறந்தார். அந்த மாதிரியில் இயற்பியல் குறைவு, சாமர்த்தியம் அதிகம். அன்றைய கணினியால் அதையே தாங்க முடிந்தது. பொருள்கள் பிளாஸ்டிக் போலத் தெரிந்ததுதான் குறை.

உலோகத்தை உலோகமாகக் காட்டியது 1982இல் வெளியான குக்–டோரன்ஸ் மாதிரி. காகிதப்பூவின் சிவப்பு வெள்ளைச் சுவரில் ஏறுவதுபோல ஒளி பொருளுக்குப் பொருள் தாவுவதை 1986இல் ஜேம்ஸ் கஜியா ஒரே சமன்பாட்டில் அடக்கினார். சொரசொரப்பான பரப்புக்கு லாம்பெர்ட் விதி போதாது என 1994இல் மைக்கேல் ஓரனும், ராஞ்சி அருகே மேஸ்ராவில் பொறியியல் படித்த ஸ்ரீ நாயரும் காட்டினர். முழுநிலவின் விளிம்பு மங்காமல் தட்டுப்போலத் தெரிவதே அதற்குச் சான்று. காரைச் சுவருக்கும் இது பொருந்தும்.

புதுச்சேரியில் கதை தொடங்கும், அங்கேயே ஒரு பகுதி படமான ‘லைஃப் ஆஃப் பை’ (2012) இக்கணக்குகளின் கடும் சோதனை. கடல் தைவானில் கட்டிய தொட்டி. படகிலிருந்த புலி பெரும்பாலும் கணினியில் பிறந்தது. ரோமத்தின் ஒவ்வொரு இழைக்குள்ளும் ஒளி நுழைந்து வெளியேறுவதால் சுவருக்கான கணக்கு அதற்கு உதவாது. சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் அப்படத்துக்குக் கிடைத்தது. சில காட்சிகளில் உண்மைப் புலிகளும் நடித்தன. எவை அவை என்று பார்ப்பவருக்குப் பிரித்தறிவது கடினம்.