துப்பாக்கிக் குழலும் பழிச்சுமையும்: எம்-16 பற்றிய ஒரு குறிப்பு

சுட்டபின் துப்பாக்கிக் குழலை எத்தனை தடவை துடைக்க வேண்டும் என்பது படைமுகாமின் அன்றாட ஒழுங்கு சார்ந்த வினாவாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் வியட்நாம் யுத்தத்தில், 1965க்கும் 1967க்கும் இடையில், அது அரசியற் பொருளாதார வினாவாக உருப்பெற்றமையை இங்கு நோக்குவோம்.

அமெரிக்கக் காலாட்படையினருக்கு அக்காலத்தில் வழங்கப்பட்ட எம்-16 றைபிள் சமர்க்களத்தில் அடிக்கடி செயலிழந்தது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கோது அறையினுள் இறுகிக்கொள்ள, சிப்பாய் குழல்வாய் வழியே கோலொன்றைச் செலுத்தி அதனை இடித்து வெளியேற்ற வேண்டியிருந்தது. அக்கோல்கூடப் பலரிடம் இருக்கவில்லை. 1967 ஏப்ரல், மே மாதங்களில் கே சான் குன்றுகளில் நடந்த சமர்களை அடுத்து இவ்விடயம் பகிரங்கமாயிற்று. படைத்துறை மேலிடத்தின் விடை எளிமையானது: சிப்பாய்கள் துப்பாக்கியைத் துப்புரவாக வைத்திருக்கவில்லை.

இவ்விடையில் அரை உண்மை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஈரலிப்பு மிக்க வெப்பவலயத்திலே துடைக்காத உருக்கு துருப்பிடிக்கும். குழிவிழுந்த அறையிற் கோது ஒட்டும். ஆனால் துடைக்கும் உபகரணங்களைப் போதியளவு வழங்காதவர் யார்? இத்துப்பாக்கிக்குத் துப்புரவு அதிகம் வேண்டாம் என்ற எண்ணத்தைப் பரவவிட்டவர் யார்? முந்திய எம்-14இன் குழலுக்கிருந்த குரோமியப் பூச்சு இதற்கு இல்லாமற் போனது ஏன்? (எதிரணியினர் ஏந்திய ஏகே-47இல் அப்பூச்சு இருந்தது, துப்புரவுக்கோலும் குழலின் கீழேயே பொருத்தப்பட்டிருந்தது.)

வெடிமருந்தின் கதை இன்னும் தெளிவானது. இயூஜின் ஸ்ரோனரின் வடிவமைப்பு டூபொண்ட் நிறுவனத்தின் மருந்தை அடிப்படையாகக் கொண்டது. 1964இல் ஒலின் மதீசன் நிறுவனத்தின் உருண்டை மருந்து புகுத்தப்பட்டது. அது சுடும் வேகத்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 வரை உயர்த்தி உறுப்புகளைத் தேய்த்தது. அதிலடங்கிய கல்சியம் காபனேற்று வாயுக்குழாயிற் கசடாகப் படிந்தது. புதிய மருந்தால் வேக வரம்பு மீறப்பட்டபோது, பழைய மருந்தைக் கொண்டே துப்பாக்கிகளைப் பரீட்சித்து ஒப்படைக்கக் கோல்ற் நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது! களத்துக்குச் சென்றதோ பெரும்பாலும் உருண்டை மருந்தே. பண்டத்தை விற்பவனுக்கு ஒரு மருந்து, அதை ஏந்திச் சாகக்கூடியவனுக்கு வேறொரு மருந்து.

1967 ஒக்டோபரில் வெளிவந்த, இச்சோர்ட் தலைமையிலான காங்கிரஸ் உபகுழுவின் அறிக்கை, மருந்து மாற்றத்தையே முக்கிய காரணமாகச் சுட்டியது. ஒலின் மதீசன் ஒன்றே அம்மருந்தை வழங்கியமையையும் கவனித்தது. அதிகாரிகளின் கவனயீனம் குற்றத்தை அண்டியதென்றும் கூறியது. இவற்றை எழுதியது முதலாளித்துவ அரசின் ஓர் அங்கமே என்பது மனங்கொள்ளத்தக்கது. அவ்வாண்டிலேயே அறைக்குக் குரோமியம் பூசும் ஏற்பாடும் தொடங்கிற்று.

இலக்கிய மாணவர்களாகிய நமக்கு இன்னுமொரு சான்று உண்டு. 1968இல் இராணுவம் வெளியிட்ட பராமரிப்புக் கைநூலைச் சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர் வரைந்தார். அதிலே துப்பாக்கி, ஆண்மகனின் அரவணைப்பை வேண்டும் பெண்ணாக உருவகிக்கப்படுகிறது, துடைத்தல் காதற்கடமையாகிறது. தொழிற்சாலையில் நிகழ்ந்த தவறு காதலனின் அசட்டையாக மறுபிறப்பெடுக்கும் விதம் இதுவே. அந்நூலின் முன்னிலைச் சொற்கள் யாவும் சிப்பாயையே விளிக்கின்றன.