ஒரே விபத்து, இரண்டு கதை!

1896 ஆகஸ்ட் 17. லண்டன் க்ரிஸ்டல் பேலஸ். மகளோடு விழாவுக்கு வந்த பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி, எதிரே வந்த மோட்டார் வண்டியைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். தலையில் அடி. அங்கேயே உயிர் போனது. பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான்!

விசாரணையில் ஓட்டுநர் தன் வேகம் மணிக்கு 4 மைல் என்று சாதித்தார் (நாம் நடக்கிற வேகம்!). பார்த்தவரோ, நல்ல குதிரை பாய்ந்து ஓடும் வேகம் என்றார். ஜூரி குழம்பிப்போய் 'தற்செயல் மரணம்' என்று எழுதி முடித்தது.

இந்தத் தலைவலி அதோடு தீரவில்லை. யோசித்துப் பாருங்கள். போலீஸ் நோட்டில் எந்தத் தெரு, எந்த வண்டி, யார் மேல் தப்பு என்று எல்லாம் இருக்கும். உள்ளே எந்த எலும்பு உடைந்தது என்று கான்ஸ்டபிளுக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிச் சீட்டில் எலும்பு இருக்கும், தெரு இருக்காது. இரண்டும் தனித்தனி பீரோவில் தூங்கும்.

ஸ்வீடன்காரர்கள்தான் இரண்டு பீரோவையும் ஒழுங்காகத் திறந்தார்கள். சாலையில் ஒருவர்கூடச் சாகவோ, படுகாயம் அடையவோ கூடாது என்று 1997-ல் அவர்கள் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. 'நடக்கிற காரியமா?' என்று கேட்கத் தோன்றுகிறது, இல்லையா? கணக்கே சரியில்லாமல் காரியம் எப்படி நடக்கும்! அதற்காக வந்ததுதான் 'ஸ்ட்ராடா' என்ற பதிவேடு. 2003 முதல் நாடு முழுக்கப் போலீஸ் தகவல் அதில் ஏறியது. ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகப் பிறகு வந்து சேர்ந்தன. அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதை வைத்து இரண்டு தகவலையும் ஒட்டி, மேப்பில் புள்ளி வைத்தார்கள்.

அப்போதுதான் பூதம் கிளம்பியது. போலீஸ் கணக்கில் வராத ஒரு கூட்டம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது. யார்? சைக்கிள்காரர்கள்! அவர்களில் பெரும்பாலோர் மேல் எந்தக் காரும் மோதவில்லை. பனியில், சரளைக்கல்லில், நடைபாதை விளிம்பில் தானே சறுக்கி விழுந்தவர்கள். எதிராளி இல்லை, கேஸும் இல்லை. போலீஸை யார் கூப்பிடுவார்கள்? இங்கே பிடிக்க வேண்டியது டிரைவரை அல்ல. தெருவைச் சரியாகக் கூட்டாத ஆசாமியை!

1997-ல் 500-க்கு மேல் இருந்த ஸ்வீடனின் சாலைச் சாவு, இப்போது ஆண்டுக்கு 200 சொச்சம். (முழுப் பெருமையும் மேப்புக்கே என்று சொல்ல மாட்டேன். ரவுண்டானா, நடுவே கம்பித் தடுப்பு என்று நிறையச் செலவு செய்தார்கள்.)

நம் ஊரிலும் ஆரம்பித்தாயிற்று. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'ஐராட்' திட்டம் 2021-ல் தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் தொடங்கியது. போலீஸ், போக்குவரத்து, நெடுஞ்சாலை, மருத்துவம் ஆகிய நான்கு துறைகளும் ஒரே விபத்தை ஒரே இடத்தில் எழுத வேண்டும். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். செத்தவர்கள் 17,884 பேர். இதெல்லாம் போலீஸுக்குத் தெரிய வந்த கணக்கு. பள்ளத்தில் பைக்கை விட்டு, கையை உடைத்துக்கொண்டு, நேரே கட்டுப் போடப் போனவர் இதில் இருப்பாரா?