மயில்துத்தமும் பார்லி வைக்கோலும்: நூல்பாசியோடு ஒரு நூறு வருஷச் சண்டை

தோட்டத்தில் சின்னதாக ஒரு குளம் கட்டி, அதில் தங்கமீனோ கோய் கெண்டையோ விட்டு வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் நூல்பாசியோடு மல்லுக்கு நிற்க வேண்டிவரும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ஆனால் கல், குழாய், செடித்தண்டு எல்லாவற்றிலும் பச்சைத் தலைமுடி தொங்கும். தண்ணீரே பச்சையாகிப் போவது வேறு வியாதி. அது மிதக்கிற ஒரு செல் பாசி, புற ஊதா விளக்கு வழியாகத் தண்ணீரை ஓட்டினால் அடங்கிவிடும். நூல்பாசி கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். விளக்கு இருக்கிற பக்கமே அது வராது, அப்புறம் விளக்கு என்ன செய்யும்?

இந்தக் கூட்டத்தில் ஒருத்தர் நமக்கு ரொம்பப் பழக்கமானவர். பள்ளிக்கூடத் தாவரவியலில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, ஸ்பைரோகைரா, அவரேதான். தொட்டால் வழவழவென்று இருப்பது அது. சொரசொரவென்று கிளைவிட்டுக் கல்லோடு ஒட்டியிருப்பது கிளாடோஃபோரா. இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க வருவார்கள்.

கதை ஒரு கீரைப் பாத்தியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வாட்டர்கிரெஸ் என்கிற நீர்க்கீரையைக் குளிர்காலச் சந்தைக்காக வளர்த்துவந்தார்கள். ஓடையை மறித்து ஆழமில்லாமல் தேக்கிய தண்ணீர்தான் பாத்தி. அதில் ஸ்பைரோகைரா படர்ந்து கீரையை மூடிவிட்டது. 1901-இல் அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர்கள் அங்கே மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்ஃபேட்டைப் போட்டுப் பார்த்தார்கள். திராட்சைக் கொடியின் பூஞ்சைக்கு போர்டோ கலவை அடிப்பது அதற்குள் பரவிவிட்ட வழக்கம், அதனால் செம்பு பூஞ்சையைக் கொல்லும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆச்சரியப்படுத்தியது அளவுதான்: ஏறக்குறைய ஐந்து கோடி பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மயில்துத்தம். நம்மூர்க் கணக்கில் 12,000 லிட்டர் தண்ணி லாரி நாலு வந்து நின்றால், அதற்கு ஒரு கிராம்! பாசி போய்விட்டது, கீரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜார்ஜ் மூரும் கார்ல் கெல்லர்மேனும் இதை 1904-இல் அரசு அறிக்கையாக வெளியிட்டார்கள். இப்போது நோக்கம் கீரையைத் தாண்டிவிட்டது. குடிநீர்த் தேக்கங்களில் பாசியால் வரும் நாற்றத்தைப் போக்கலாம், சில நோய்க்கிருமிகளைக்கூட ஒழிக்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்ன முறையை வாசித்தால் சிரிப்பு வரும், அவ்வளவு எளிது. மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டு, சாக்கைப் படகின் பின்னால் தொங்கவிடு, தேக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் துடுப்புப் போடு. முடிந்தது வேலை. படகும் சாக்கும் எந்த ஊரில்தான் கிடைக்காது? முறை மளமளவென்று பரவியது.

மீன் என்ன ஆகும் என்ற கேள்வியும் கூடவே வந்தது. எந்தப் பாசி எவ்வளவில் சாகும், எந்த மீன் எவ்வளவு வரை தாங்கும் என்று அட்டவணைகள் தயாராகி, நீர்த்துறைக் கையேடுகளில் பல பத்தாண்டுகள் சுற்றிவந்தன. (அவற்றில் பேர்பெற்ற ஒரு கையேட்டை அச்சிட்டு வெளியிட்டது ஒரு செம்பு கம்பெனி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) அந்த அட்டவணையை ஒரு கோய் வளர்ப்பவரின் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு இத்தனை பங்கு என்ற கணக்கில், ஸ்பைரோகைரா சாக 0.12, கிளாடோஃபோரா சாக 0.50. மீன் தாங்கும் அளவு என்று பார்த்தால் டிரவுட் 0.14, கெண்டை 0.33, தங்கமீன் 0.50. அதாவது கிளாடோஃபோராவைக் கொல்லும் அளவு வருவதற்கு முன்பே கெண்டையின் எல்லை தாண்டிவிடும். கோயும் கெண்டைதானே.

இந்த எண்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. செம்பின் நஞ்சு தண்ணீரைப் பொறுத்தது. காரத்தன்மை மிகுந்த கடினநீரில் செம்பு கார்பனேட்டாக மாறி அடியில் படிந்துவிடும், பாசிக்கும் பெரிதாக எட்டாது. மென்னீரில் அது அயனியாகவே மிதந்து மீனின் செவுளைத் தாக்கும். உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் வேலை செவுளுடையது, அது கெட்டால் மீன் தாங்காது. ஆக, ஒரு குளத்தில் ஒன்றும் செய்யாத அளவு, மழைநீர் நிரம்பிய பக்கத்து வீட்டுக் குளத்தில் மொத்த மீனையும் மிதக்கவிட்டுவிடும். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைந்த காரத்தன்மை இருந்தால் மயில்துத்தம் பக்கமே போகாதே என்ற விதி இப்படித்தான் வந்தது.

அளவு சரியாக இருந்துவிட்டால் போதுமா? இதற்குப் பதில் சொல்லும் இடம் மினசோட்டா மாநிலத்தின் ஃபேர்மான்ட் ஊர். அங்கே ஐந்து ஏரிகளுக்கு 58 வருஷம் தொடர்ந்து மயில்துத்தம் போட்டிருக்கிறார்கள். என்ன ஆனது என்று இரண்டு ஆய்வாளர்கள் உட்கார்ந்து ஆராய்ந்து 1984-இல் எழுதிய கட்டுரையை, பாசி மருந்து வாங்கக் கடைக்குக் கிளம்பும் எவரும் ஒருதரம் வாசிக்கலாம். மருந்து போட்டதும் பாசி செத்தது, உண்மை. செத்த பாசி அழுகியது. அழுகவைக்கும் பாக்டீரியா தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சியது. அவ்வப்போது மீன்கள் செத்தன: சில சமயம் செம்பால், சில சமயம் மூச்சுமுட்டி, சில சமயம் இரண்டாலும். ஏரிப்படுகையிலிருந்து பாஸ்பரஸ் முன்பைவிட வேகமாகத் தண்ணீருக்குத் திரும்பியது. பாஸ்பரஸ் பாசிக்கு உரம். விளைவு, 7 முதல் 21 நாளுக்குள் பாசி மறுபடி வந்துநின்றது. திரும்பவும் மருந்து, திரும்பவும் பாசி.

வருஷக்கணக்கில் இன்னும் மோசம். செம்பு எங்கேயும் போகாது, சேற்றில் சேர்ந்துகொண்டே இருக்கும். சில பாசிகள் அதற்குப் பழகிக்கொண்டு கூடுதல் மருந்து கேட்டன. பச்சைப்பாசி இருந்த இடத்தை நீலப்பச்சைப் பாசி பிடித்தது. பாசியோடு போட்டிபோட்டுச் சத்தை உறிஞ்சவேண்டிய நீர்ச்செடிகள் காணாமல் போயின, அடித்தரைப் புழுபூச்சிகளும் குறைந்தன. எனக்கு இதில் உறைத்தது செடிகள் போனதுதான். காவலாளியை அனுப்பிவிட்டுத் திருடனைத் துரத்திய கதை.

அட்லாண்டிக்குக்கு அந்தப்பக்கம், இங்கிலாந்தில், 1980-களில் வேறொரு கதை கிளம்பியது. ஒரு விவசாயியின் ஏரியில் தற்செயலாக வைக்கோல் கட்டு விழுந்துவிட, அந்த வருஷம் பாசி வரவில்லையாம். ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிற கதை, பெயர் ஊர் எல்லாம் கேட்காதீர்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது கதையில்லை, சோதனை. 1777-இல் திறக்கப்பட்ட செஸ்டர்ஃபீல்டு கால்வாயில் பார்லி வைக்கோலைப் போட்டு, அதற்கு மேல்பக்கமும் கீழ்பக்கமும் பாசியை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கே மண்டியிருந்தது நம்ம கிளாடோஃபோராதான். வைக்கோலைத் தாண்டிய பகுதியில் அது குறைந்தது. முடிவுகள் 1990-இல் வெளியாயின.

வைக்கோல் இருக்கிற பாசியைக் கொல்லாது, புதிதாக வளர்வதைத்தான் மட்டுப்படுத்தும். அதுவும் அழுகத் தொடங்கிய பிறகுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரிரு வாரம், குளிர்ந்த தண்ணீரில் ஆறேழு வாரம்கூட ஆகும். அழுகல் காற்றோட்டத்தோடு நடக்கவேண்டும். அதனால் இறுக்கிக் கட்டிய கட்டை அப்படியே தள்ளாமல், உதிர்த்து வலைப்பையில் தளர்வாக நிரப்பி மேல்மட்டத்தில் மிதக்கவிடுவார்கள். அளவு குளத்தின் ஆழத்தை வைத்தல்ல, பரப்பை வைத்து: சதுர மீட்டருக்கு 25 முதல் 50 கிராம். நிறையப் போட்டால் வைக்கோலே ஆக்சிஜனைத் தின்றுவிடும், பிறகு ஃபேர்மான்ட் கதைதான். எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அழுகலில் வரும் பொருள்கள் மீது வெயில்பட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு துளித்துளியாக உண்டாகிறது என்பது ஒரு விளக்கம். சில குளங்களில் ஒன்றுமே நடக்கவில்லை என்ற ஆய்வுகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் இது பாசிக்கொல்லியாகப் பதிவு பெறவில்லை, அதனால் கடைக்காரர் வைக்கோலை விற்கலாம், 'பாசியைக் கொல்லும்' என்று மட்டும் சொல்லக்கூடாது. (நெல் வைக்கோல் உதவுமா என்று கேட்பீங்க. கொரியாவில் ஆய்வு செய்திருக்கிறார்கள், ஆனால் நீலப்பச்சைப் பாசியின் மேல்.)

இவ்வளவையும் படித்தபிறகு என் ஓட்டு ஒரு சொரசொரப்பான குச்சிக்குத்தான். நூல்பாசியைக் குச்சியில் சுற்றிச் சுற்றி இழுத்தெடுப்பது எந்த அறிக்கையையும்விடப் பழைய வழி. ஃபேர்மான்டில் தண்ணீருக்கே திரும்பிப்போன பாஸ்பரஸ், இதில் பாசியோடு சேர்ந்து குளத்தை விட்டு வெளியேறுகிறது. கூடவே தீனியைக் குறைத்து, அல்லி மாதிரி நிழல்தரும் செடி வைத்தால் பாசி திரும்பிவர நாளாகும். மருந்துதான் வேண்டும் என்றால், முதலில் கையால் முடிந்தமட்டும் எடுத்துவிட்டு, குளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, காற்று பம்ப் இரவிலும் ஓடும்படி வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஆக்சிஜன் மிகக் குறைவது விடியற்காலையில்தான், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும் அப்போதுதான்.

எடுத்த பாசியை உடனே தூக்கிப் போட்டுவிடாதீங்க. தண்ணீரோரமாக ஒரு ராத்திரி வைத்தால் அதில் சிக்கிய நத்தையும் தும்பிக் குஞ்சும் தாமாகக் குளத்துக்கு ஊர்ந்துவிடும். மறுநாள் அதை அள்ளி உரக்குழியில் போடலாம்.