பெங்களூர் என்றொரு இனிஷியல்

அக்கா மகள் தனியாகப் பாடி வீடியோ போடுகிறாள். யூட்யூபில் ஒரு பெயர், இன்ஸ்டாவில் வேறு பெயர். எங்கள் கிளை என்றால் கேஒய்சி பாரமே திரும்பி வந்திருக்கும்! அவளுக்கு நான் சொன்ன கதை இது.

நாகரத்தினம்மா 1878இல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தேவதாசி மரபு. பெங்களூரிலிருந்து சென்னைக்குக் குடிபோனார் (நான் வந்ததற்கு நேர் எதிர்த்திசை). போன ஊரில் கொடிகட்டிப் பறந்தும், பெயருக்கு முன்னால் கடைசிவரை 'பெங்களூர்' நின்றது.

1910இல், முத்துப்பழனி எழுதிய 'ராதிகா சாந்த்வனமு' என்ற தெலுங்குக் காவியத்தை முழுசாகப் பதிப்பித்தார். முந்தைய பதிப்பில், அந்தக் கவிஞர் தன்னைப் பற்றிச் சொல்லும் முன்னுரைப் பாடல்களையே வெட்டியிருந்தார்கள். இவர் திரும்பச் சேர்த்தார். தாசி எழுதியதைத் தாசி பதிப்பிப்பதா என்று ஒரே கூச்சல். பிரிட்டிஷ் அரசு புத்தகத்துக்குத் தடை போட்டது. நாடு விடுதலையாகும் சமயத்தில்தான் அது விலகியது. அம்மணி மரபையும் மறைக்கவில்லை, பெயரையும் மாற்றிக்கொள்ளவில்லை.

பிறகு திருவையாறு. தன் சொத்தைப் போட்டு தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார், குடமுழுக்கும் நடந்தது. ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாதாம்! 1927இல் பெண்களைச் சேர்த்துத் தனி ஆராதனையே நடத்திவிட்டார்.

1952இல் காலமானார். தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி அங்கேயே அவருக்கும் ஒரு சமாதி இருக்கிறது.