மீநுண்ணோக்கிப் படம் எப்போது சான்றாகும்?

முன்னுரை

உயிரணுவியல் ஆய்விதழ்களில் இன்று வாதத்தின் பாரத்தைச் சுமப்பவை பெரும்பாலும் படங்கள். ஒளிரும் புள்ளிகள் நிறைந்த ஒரு படத்தைக் காட்டி, 'இந்தப் புரதம் இங்கே கொத்துக் கொத்தாக இருக்கிறது' என்று எழுதினால் பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். தனி மூலக்கூறுகளின் இடத்தைக் கண்டறியும் மீநுண்ணோக்கு முறைகள் வந்த பின் இந்த நம்பிக்கையை மறுபடி எடைபோட வேண்டியிருக்கிறது. அம்முறைகள் தரும் படம் கணித்துப் பெறப்பட்ட ஒரு முடிவு. எனவே எந்தக் கணிப்புக்கும் உரிய சோதனைகளை அதற்கும் விதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரம்பும் அதைக் கடந்த வழியும்

ஒளி நுண்ணோக்கியின் பகுதிறனுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை எர்ன்ஸ்ட் அபே 1873-இல் நிறுவினார். கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் அது ஏறத்தாழ 200 நானோமீட்டர். புரதங்களோ சில நானோமீட்டர் அளவே உள்ளவை. எனவே அந்த எல்லைக்குள் நெருங்கியிருக்கும் நூறு புரதங்களும் ஒரே மங்கலான புள்ளியாகவே தெரியும்.

இதைக் கடக்க இரண்டு தேவைப்பட்டன: அடையாளமிடும் ஒளிர்பொருள், அதை விருப்பப்படி ஏற்றி அணைக்கும் வழி. ஒசாமு ஷிமோமுரா 1962-இல் ஒரு ஜெல்லிமீனிலிருந்து பச்சை ஒளிர்புரதத்தைக் கண்டறிந்தார். 238 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதத்தின் மரபணுவை மார்ட்டின் சால்ஃபி 1994-இல் பாக்டீரியாவிலும் உருளைப்புழுவிலும் இயங்கச் செய்தார். ஒளியால் தூண்டினால் மட்டும் ஒளிரும் அதன் மாற்றுவடிவம் 2002-இல் வந்தது. எரிக் பெட்சிக், ஹரால்ட் ஹெஸ் ஆகியோரின் பால்ம் முறையும், ஷியாவ்வெய் ஜுவாங்கின் ஸ்டார்ம் முறையும் 2006-இல் வெளியாயின.

இரண்டின் அடிப்படையும் ஒன்றே. ஒரு நேரத்தில் சில மூலக்கூறுகளை மட்டும் ஒளிரவிட்டுப் படமெடுக்கிறார்கள். அவை அணைந்ததும் வேறு சில ஒளிர்கின்றன. இப்படி ஆயிரக்கணக்கான படச்சட்டங்கள் சேர்கின்றன. தனித்து நிற்கும் ஒவ்வொரு மங்கல் புள்ளியின் மையத்தையும் கணினி கணக்கிடுகிறது. ஒரு மூலக்கூறிலிருந்து 100 ஃபோட்டான்கள் கிடைத்தால், மையம் பற்றிய ஐயம் புள்ளியின் விரிவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும். கண்டறிந்த மையங்களை ஒன்றாகக் குறித்தால் அதுவே 'படம்'.

பிழை நுழையும் வாயில்கள்

முதல் பிழை எண்ணிக்கையில் நேர்கிறது. ஒளிர் மூலக்கூறு ஒருமுறை அணைந்தபின் மீண்டும் மின்னக்கூடும். ஒரே ஆள் வரிசையில் மும்முறை வந்து நின்று மூன்று பேராகக் கணக்கில் ஏறுவது போல, ஒரு புரதம் நெருங்கிய மூன்று புள்ளிகளாகப் பதிவாகிவிடும். கண்ணுக்கு அது ஒரு கொத்து.

இரண்டாவது, அடையாளத்தின் பருமன். முதல்நிலை, இரண்டாம்நிலை எதிர்ப்பொருள்களை அடுத்தடுத்து ஒட்டினால், ஒளிரும் மூலக்கூறு இலக்குப் புரதத்திலிருந்து 15 நானோமீட்டருக்கு மேலும் விலகி நிற்கலாம். கணிப்பின் துல்லியம் 10 நானோமீட்டர் என்று அறிவிக்கும் கட்டுரை இந்த விலகலையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, உயிரணுவை நிலைப்படுத்தும் வேதிப்பொருள். ஃபார்மால்டிஹைடு இட்ட பிறகும் சில சவ்வுப் புரதங்கள் நகர்ந்துகொண்டிருக்கும். இவ்வகைப் பிழைக்கு வரலாறு உண்டு. 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ட மீசோசோம் பாக்டீரியாவின் உள்ளுறுப்பாகக் கருதப்பட்டு, சுவாசம் முதலிய பணிகளும் அதற்கு ஏற்றிச் சொல்லப்பட்டன. உறையவைத்துப் படமெடுக்கும் முறை வந்ததும், அது வேதிப்பொருளால் விளைந்த சவ்வு மடிப்பு என்று தெளிவாயிற்று.

இரு சான்றுகள்

டி செல்களின் ஏற்பிகள், தூண்டப்படுவதற்கு முன்பே சவ்வில் கொத்துகளாக இருக்கின்றன என்ற கருத்து 2010 முதல் மீநுண்ணோக்கிப் படங்களால் வலுப்பெற்றது. 2018-இல் வியன்னாவைச் சார்ந்த ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். ஓய்வுநிலையில் ஏற்பிகள் ஒழுங்கின்றிப் பரவியே உள்ளன என்பது அவர்கள் முடிவு. இத்தகைய ஐயத்தைத் தீர்க்கும் சோதனை ஒன்று எளிமையானது: அடையாளமிடும் மூலக்கூறுகளின் செறிவைப் படிப்படியாகக் கூட்டுவது. கொத்து உண்மையானால் அதற்குள் புள்ளிகள் நெருக்கமாகும். ஒரே மூலக்கூறு திரும்ப மின்னியதால் தோன்றிய பொய்க் கொத்தானால் உள்நெருக்கம் மாறாது. கொத்துகளின் எண்ணிக்கை மட்டுமே பெருகும்.

மறுபுறம், நியூரானின் ஆக்ஸானில் ஆக்டின் வளையங்கள் ஏறத்தாழ 190 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளன என்று ஜுவாங் குழு 2013-இல் ஸ்டார்ம் முறையால் காட்டியது. வளையங்களை இணைக்கும் ஸ்பெக்ட்ரின் புரதக் கூட்டின் நீளம் அந்த இடைவெளியோடு பொருந்தியது. பின்னர் உயிருள்ள நியூரான்களில் ஸ்டெட் என்னும் மற்றொரு மீநுண்ணோக்கு முறையும், 2019-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் அதே வளையங்களைக் காட்டின. இம்முறைகளின் பிழைகள் ஒன்றுக்கொன்று வேறானவை. வெவ்வேறு விதமாகத் தவறக்கூடிய முறைகள் ஒரே விடையைத் தந்ததால்தான் அந்த அமைப்பு இன்று பாடநூல் செய்தியாகும் தகுதி பெற்றிருக்கிறது.

முடிவுரை

இம்முறைகளின் மதிப்பை மேற்கண்ட பிழைகள் குறைப்பதில்லை. பெட்சிக், ஸ்டெட் முறையைத் தந்த ஸ்டெஃபான் ஹெல், தனி மூலக்கூற்றை ஒளியால் கண்ட மோர்னர் ஆகியோருக்கு 2014-இல் வழங்கப்பட்ட நோபல் பரிசு தகுதியானதே. ஆயினும் படத்தை மட்டும் அச்சிடும் வழக்கம் மாற வேண்டும். மூலப் படச்சட்டங்கள், மறுமின்னலைத் திருத்திய விதம், அடையாளச் செறிவை மாற்றிச் செய்த சோதனை ஆகிய மூன்றையும் ஆய்விதழ்கள் கட்டாயமாக்க வேண்டும். புதிய அமைப்பொன்று இருப்பதாக உரிமை கோரும் கட்டுரை, வேறு இயற்பியல் அடிப்படை கொண்ட இன்னொரு முறையின் சான்றையும் தர வேண்டும். அதுவரை அந்தப் படத்தைக் கருதுகோளாக மட்டுமே ஏற்பது முறை.