மொட்டைமாடிக்கு வரும் முன் சிலிக்கான் கடந்த வழி

மொட்டைமாடி சோலார் பற்றி அடுத்த பொதுக்குழுவில் நீங்கள் முடிவு சொல்ல வேண்டும். கொட்டேஷன்களில் ‘மோனோ பெர்க்’, ‘டாப்கான்’ என்ற பெயர்களைப் பார்த்து விழித்தவர்களுக்காக இந்தப் பழைய கதை.

1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் ஒரு சிலிக்கான் துண்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். நடுவே விரிசல் விட்ட துண்டு. வேறொருவராக இருந்தால் குப்பையில் போட்டிருப்பார். அதன்மேல் வெளிச்சம் பட்டதும் மின்னழுத்தம் எகிறியது. உருக்கிய சிலிக்கான் உறைந்தபோது ஒரு பக்கம் ஒரு வகை மாசும், மறுபக்கம் இன்னொரு வகையும் மிகுதியாகத் தங்கிவிட்டன. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் மின்சாரத்தைத் தள்ளியது. இன்றைய பேனலுக்குள்ளும் வேலை செய்வது அப்படியொரு எல்லைதான்.

அதைப் பயனுக்குக் கொண்டுவந்தது தொலைபேசி. ஈரப்பதம் மிகுந்த வெப்பநாடுகளில் உலர் பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போயின. (நம் ஊர்ப் புழுக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை!) மாற்று தேடும் வேலை அதே ஆய்வகத்தின் டேரில் சாபினிடம் வந்தது. முதலில் செலினியத்தை முயன்றார். வெயிலில் 1 சதவீதம்கூட மின்சாரமாகவில்லை. ஃபுல்லர், பியர்சன் இருவரோடும் சேர்ந்து சிலிக்கானுக்கு மாறி, 1954-இல் சுமார் 6 சதவீதத்தை எட்டினார். ஆனால் விலை? ஒரு வீட்டுக்கு வேண்டிய செல்களுக்கு 14 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று அவரே கணக்குப் போட்டார். விண்வெளிக்குத்தான் கட்டுப்படியானது. 1958-இல் ஏவப்பட்ட வான்கார்ட் 1 செயற்கைக்கோளில் பேட்டரி சில மாதங்களுக்குள் தீர்ந்தது. சோலார் டிரான்ஸ்மிட்டரோ 1964 வரை பேசியது.

‘பெர்க்’ 1980-களில் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் குழுவிடம் பிறந்தது. செல்லின் பின்பக்கம் ஒரு காப்புப் படலம், அவ்வளவுதான். தொழிற்சாலைகளில் பரவ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ‘டாப்கான்’ அதற்கடுத்த படி. அங்கே மிக மெல்லிய ஆக்சைடு படலம் அந்த வேலையைச் செய்கிறது.

இனி நம் மாடிக்கு வருவோம். பேனலின் திறனை 25 டிகிரியில் அளக்கிறார்கள். சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் பெர்க்கில் ஏறக்குறைய 0.35 சதவீதமும், டாப்கானில் 0.30 சதவீதமும் குறையும். 65 டிகிரியில் இழப்பு முறையே 14, 12 சதவீதம். இந்த 2 சதவீதத்துக்காக எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். என்னைக் கேட்டால், அதைவிட முக்கியம் தண்ணீர்த் தொட்டியின் நிழல். செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே பேனலின் உற்பத்தி சட்டென்று சரியும். கையெழுத்துக்கு முன், காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்ற வரைபடத்தை ஒப்பந்ததாரரிடம் கேட்டு வாங்குங்கள்.